நாலாம் நம்பரின் தோள்

வனச்சரக அலுவலகம்
பிப்ரவரி 6

ஓவியர் அவர்களுக்கு,

இது அலுவலக வேலையாக எழுதும் கடிதம். அக்கா தம்பிக்கு எழுதுவதாக நினைத்துப் படிக்க வேண்டாம். போனில் பேச எனக்கு விருப்பமில்லை. எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாரும் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் சரகத்தில் ஒரு சிறுத்தை ஆட்களைத் தாக்க ஆரம்பித்திருக்கிறது. விறகு எடுக்கப் போன ஒருவருக்கு ஒரு கை போய்விட்டது. சென்ற மாதம் கல்குவாரி காவலாளி இறந்துபோனார். கூண்டு வைத்துப் பிடிக்க உத்தரவு வந்திருக்கிறது. ஆனால் இந்தக் காட்டில் எங்களுக்குத் தெரிந்தே ஐந்து சிறுத்தைகள் இருக்கின்றன. தாக்கியது அந்த ஐந்தில் ஒன்றா, வெளியிலிருந்து வந்த ஆறாவதா என்று தெரியவில்லை. தவறானதைப் பிடித்து அடைத்துவிடக் கூடாது என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். சிறுத்தையின் உடம்பில் உள்ள வளையங்கள் ஒன்றுக்கு இருப்பது போல் இன்னொன்றுக்கு இருக்காது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காவலாளி இறந்த இடத்தில் எங்கள் தானியங்கி கேமராவில் விழுந்த மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். மூன்றும் மங்கல். இவற்றை வைத்துக் கோடும் நிழலுமாக ஒரு தெளிவான படம் வேண்டும். கூண்டில் விழும் சிறுத்தையோடு எங்கள் ஆட்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. உடற்கட்டு புரிய உதவும் என்று மற்ற ஐந்தின் படங்கள் உள்ள ஃபைலையும் அனுப்புகிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் நகல் கிடையாது. பத்திரமாகத் திருப்பி அனுப்பவும்.

வழக்கமாக எங்களுக்கு வரைந்து கொடுப்பவருக்குக் கண் ஆபரேஷன். வேறு யாராவது கிடைத்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

சரக அலுவலர்


பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய ரேஞ்சர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மூணு வருஷம் கழிச்சு ஒரு கடிதம், அதுலயும் என்னை "அவர்கள்" போட்டுக் கூப்பிட்டிருக்கீங்க. புல்லரிச்சுப் போச்சு.

படம் இதோட இருக்கு. நகல் எடுத்தா பென்சில் நிழல் எல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். அதனால மசி பேனாவால, சின்னச் சின்ன கோடா, மயிர் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அந்தப் பக்கமே போட்டிருக்கேன். இருட்டா இருக்கிற இடத்துல கோடு நெருக்கமா வரும், வெளிச்சம் படுற முதுகுல வெறும் காகிதம்தான். வளையங்களுக்கு மட்டும் ரெண்டாவது தடவை பேனா ஓட்டியிருக்கேன். உங்க வனக்காவல் வாட்ச்சருங்க நாலடி தள்ளிப் பிடிச்சுப் பார்த்தாலும் தெரியும்.

தோள் பகுதி காலியா இருக்கும். அச்சுப் பிழை இல்லை. உங்க மூணு படத்துலயும் தோளுக்கு முன்னாடி புதர் வந்து நிக்குது. வெளிக்கோடு மட்டும் போட்டு உள்ளே ஒண்ணும் வரையாம விட்டிருக்கேன். நான் கண்ணால பாக்காததை வரையறதில்லை. பார்த்ததை வரைஞ்சதுக்கே ஒரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவுல வெச்சு என் படத்தை நாலாக் கிழிச்சுப் போட்டீங்க. பாக்காததை வேற வரைஞ்சா என்ன செய்வீங்களோ.

ஃபைல் இன்னும் பத்து நாள் என்கிட்ட இருக்கட்டும். இவ்வளவு நல்ல படங்களை உங்க ஆபீஸ் பீரோவுல கரையான் தின்னுட்டு இருந்திருக்கு.

ஓவியர்


பிப்ரவரி 15

டேய்,

"அவர்கள்" போட்டது தப்புதான். உனக்கு மரியாதை தாங்காது.

படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கேன். நல்லா இல்லைன்னு சொல்லலை. ஆனா தோள் இல்லாத சிறுத்தையை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? மேலதிகாரி பார்த்துட்டு, "இது என்னம்மா, பாதியில ஆள் ஓடிப் போயிட்டானா"ன்னு கேட்டார். சுத்தி நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க. உன்னால நான் தலை குனியறது இது எத்தனாவது தடவைன்னு நான் எண்ணலை.

முழுசா வரைஞ்சு அனுப்பு. ஐஞ்சு சிறுத்தையோட படமும் உன்கிட்டதான் இருக்கு. சிறுத்தைத் தோள் எப்படி இருக்கும்னு தெரியாதவன் மாதிரி நடிக்காதே. நாலு நாள்ல வேணும். கூண்டு ரெடி. ஆள் பலி வாங்குற மிருகம் வெளியே சுத்துறப்போ நீ கலைஞன்னு சொல்லி முறுக்கிட்டு நிக்கிறதுக்கு இது நேரம் இல்லை.

அப்புறம் ஆஸ்பத்திரி பேச்சை நீதான் எடுத்தே. அப்பா தண்ணி கேட்டார். ரெண்டு தடவை. நான் மருந்து வாங்கிட்டு உள்ளே வர்றேன், நீ கட்டில் பக்கத்துல உக்காந்து அவர் கழுத்து எலும்புக்கு நிழல் போட்டுட்டு இருந்தே. தலை நிமிர்த்தக்கூட இல்லை. கிழிச்சதுக்கு நான் இன்னிக்கும் வருத்தப்படலை.

அக்கா


பிப்ரவரி 19

நீங்க கேட்ட தோள் இதோ. மேலதிகாரியைச் சந்தோஷமா இருக்கச் சொல்லுங்க.

அப்பா தண்ணி கேட்டது எனக்குக் கேக்கலை. மூணு வருஷமா அதைச் சொல்லணும்னு இருந்தேன். நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம்.


மார்ச் 4

தம்பிக்கு,

முந்தாநாள் காலையில கூண்டுல விழுந்துடுச்சு.

வாட்ச்சர் ஓடி வந்து சொன்னதும் நான் உன் படத்தை எடுத்துட்டுப் போனேன். குவாரித் தண்ணியில புரண்டு வந்திருக்கு போல, வயித்துப் பக்கம், விலா எல்லாம் சேறு அப்பிக் காய்ஞ்சு கிடந்தது. தோள் மட்டும் சுத்தமா இருந்தது. கூண்டுக்கு ஆறடி தூரத்துல நின்னு ஒவ்வொரு வளையமா விரல் வெச்சு ஒப்பிட்டேன். பதினோரு வளையம். ஒண்ணுகூட மாறலை. கால்நடை டாக்டரும் பார்த்தார், மேலதிகாரியும் பார்த்தார். "இவ்வளவு அச்சா எப்படிம்மா"ன்னு கேட்டார். நான் அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

பொட்டை. விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பியாச்சு. ஆளைக் கொன்னதா எழுதினதால இனி காட்டுக்கு விட மாட்டாங்க, கடைசி வரைக்கும் அங்கேதான். குவாரிக்குப் போய், இனிமே பயமில்லை, வழக்கம் போல போய் வாங்கன்னு நானே வீடு வீடா சொல்லிட்டு வந்தேன்.

உன் மேல எனக்குக் கோபம் தீரலை. ஆனா வேலை சுத்தம்னு சொல்லலேன்னா நான் மனுஷி இல்லை. பேப்பர்ல வந்த படத்தை இதோட வெச்சிருக்கேன். ஃபைலை அனுப்பு, இன்னும் எத்தனை நாள்?

அக்கா


மார்ச் 7

அக்கா,

இந்தக் கடிதத்தை உக்காந்து படி. ஆபீஸ்ல வேண்டாம்.

பேப்பர் படத்தைப் பார்த்தேன். கூண்டுக்குள்ள நிக்கிறது உன் ஃபைல்ல இருக்கிற நாலாம் நம்பர். நீ தேடின சிறுத்தை இல்லை. அந்தத் தோள் நாலாம் நம்பரோட தோள். நான்தான் எடுத்து ஒட்ட வெச்சேன்.

உன் பதினஞ்சாம் தேதிக் கடிதம் வந்த அன்னிக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முழுசா வேணுமா, இந்தா முழுசுன்னு ஃபைலைப் புரட்டினேன். நாலாம் நம்பர் படம் ஒண்ணு, வெயில்ல எடுத்தது, உன் சிறுத்தை நிக்கிற மாதிரியே நிக்குது, வெளிச்சம்கூட அதே பக்கத்துல இருந்து வருது. அந்தத் தோளை அப்படியே எடுத்தேன். எலும்பு எழும்புற இடத்துல வளையம் லேசா நெருங்கும் பாரு, அதைக்கூட விடலை. ஒட்டுப் போட்ட இடம் எனக்கே தெரியாத அளவுக்குப் பொருந்திப் போச்சு. என் ஆயுசுல நான் வரைஞ்ச நல்ல தோள் அதுதான்.

உங்க ஆளுங்க விலாவைத்தான் பாப்பாங்க, தோள் சும்மா பார்வைக்குன்னு நினைச்சேன். இல்லை, அதுகூடப் பொய். நான் அப்படி எதையும் நினைக்கலை. உன் வாயை அடைக்கணும்னு மட்டும்தான் நினைச்சேன்.

இன்னொண்ணு. பேப்பர் படத்துல அவ அடிவயித்துக் கோட்டைப் பாரு. நிழல் விழுற விதமே சொல்லுது, மடி இறங்கியிருக்கு. குட்டி இருக்கு. போய்த் தேடு.


மார்ச் 9

உன் கடிதத்தைப் படிச்சு அடுப்புல போட்டுட்டேன்.

மடி இறங்கியிருக்குன்னு எனக்கு நீ சொல்லித் தரணுமா? டாக்டர் அன்னிக்கே சொன்னார். குட்டியைக் காப்பாத்தத்தான் அது ஆளை அடிச்சிருக்கும்னு நானும் அவரும் பேசிக்கிட்டோம். ஏழு நாளா ரெண்டு வாட்ச்சரைக் கூட்டிட்டு குவாரிப் பாறை இடுக்கு ஒண்ணு விடாம நான் ஊர்ந்துட்டு இருக்கேன். முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. நீ அங்கே நாற்காலியில உக்காந்து நிழலைப் பார்த்து எனக்குச் சேதி சொல்றே.

நீ செஞ்சது என்னன்னு உனக்குப் புரியுதா? பாக்காததை வரையறதில்லைன்னு எனக்குப் பாடம் நடத்தின எட்டாம் நாளே அதைச் செஞ்சிருக்கே. உனக்கு எப்பவும் எதிரே இருக்கிற உயிர் முக்கியம் இல்லை, கோடு சரியா விழுந்ததாங்கிறதுதான். அப்பா விஷயத்துல அப்படித்தான், இதுலயும் அப்படித்தான்.

நாலாம் நம்பர் ஆளைக் கொல்லலைன்னு உனக்கு யார் சொன்னது? ஃபைல்ல படம் இருக்குங்கிறதால அது யோக்கியமா? நான் கையெழுத்துப் போட்டாச்சு. அதைப் பிடிச்சதிலிருந்து ஒரு தாக்குதல் கிடையாது. குவாரி சனங்க எனக்குக் கும்பிடு போடுறாங்க. இப்போ போய், என் தம்பி கோபத்துல கை போன போக்குல வரைஞ்சுட்டான்னு யார்கிட்ட சொல்லச் சொல்றே?

இனி எழுதாதே.


மார்ச் 14

எழுதுறேன். என்ன பண்ணுவே?

மூணு நாளா காப்பகத்துல இருக்கேன். ஓவியன்னு சொன்னதும் உள்ளே விட்டாங்க, யார் தம்பின்னு சொல்லலை. முதல் நாள் அவ என்னைப் பார்த்ததும் கம்பியில வந்து மோதினா. மூக்குத் தோல் கிழிஞ்சு ரத்தம். நான் பேனாவை எடுக்கவே இல்லை. ரெண்டாம் நாள் மூலையில போய் சுவரைப் பார்த்துப் படுத்துட்டா. காவலுக்கு இருந்த அம்மா கறியைப் போட்டுட்டு, "தின்ன மாட்டேங்குதுய்யா, காதை மட்டும் திருப்பித் திருப்பி எதையோ கேட்டுக்கிட்டே இருக்கு"ன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் வரைஞ்சேன்.

இந்தக் கட்டுல நாலு படம் இருக்கு. வலப்பக்கம், இடப்பக்கம், தோள், விலா. குழாய்த் தண்ணி அடிச்சதுல சேறு போயிடுச்சு. இப்போ உன் கேமராப் படங்களை எடுத்து விலாவைப் பாரு. ஆளைக் கொன்னதுக்கு, கடைசி விலா எலும்புக்கு மேலே லாடம் மாதிரி ஒரு வளையம், கீழே திறந்து இருக்கு. மங்கல்தான், ஆனா மூணு படத்துலயும் இருக்கு. இவளுக்கு அந்த இடத்துல மூடின வளையம் ரெண்டு, பக்கத்துப் பக்கத்துல. குருடன் தடவிப் பார்த்தாலும் தெரியும்.

கேமராப் படம், நாலாம் நம்பரோட பழைய படம், என் படம், எல்லாத்துக்கும் ரெண்டு நகல் எடுத்து வெச்சிருக்கேன். ஒரு கட்டு இதோ உனக்கு. இன்னொரு கட்டை உறையில போட்டு உன் மேலதிகாரி விலாசம் எழுதி மேஜையில வெச்சிருக்கேன். இருபதாம் தேதி வரைக்கும் காத்திருப்பேன். நீயா கொண்டுபோய்க் கொடுத்தா உறையைக் கிழிச்சிடறேன். இல்லேன்னா தபால்ல சேர்த்துடுவேன். என் பேர்ல, நான் செஞ்ச மோசடியையும் எழுதி.

மிரட்டறேன்னு நினைக்கிறியா? ஆமா, மிரட்டத்தான் செய்றேன்.


மார்ச் 24

தம்பிக்கு,

உறையைக் கிழிச்சுடு. பதினெட்டாம் தேதியே கொடுத்துட்டேன். உன் மிரட்டலுக்குப் பயந்து இல்லை. உன் கட்டு வந்த அன்னிக்கு மத்தியானம் குட்டிங்க கிடைச்சுது. ஜல்லி அரைக்கிற பழைய மெஷினுக்கு அடியில, தாய் போட்டுட்டுப் போன ஆட்டு மிச்சத்தோட. ரெண்டு. ஒண்ணு செத்து ரெண்டு நாள் ஆகியிருக்கும். இன்னொண்ணு அதுக்குமேல படுத்திருந்தது. தூக்கப் போனப்போ அந்த நிலைமையிலயும் என் கையைக் கடிச்சுது. பல்லு இறங்கலை, அவ்வளவுதான் பலம் இருந்தது.

ஆபீசுக்கு வந்து கை கழுவிட்டு உன் கட்டைப் பிரிச்சேன். விலாவைப் பார்த்தேன். லாட வளையம் எனக்கும் தெரிஞ்சுது. உண்மையைச் சொல்லணும்னா, அது உன் முதல் படத்துலயே இருந்தது. கூண்டு முன்னாடி நின்ன அன்னிக்கு ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பார்த்திருந்தா போதும். சேறுன்னு விட்டுட்டேன். தோள் பொருந்தினதும் எனக்கு வேற எதையும் பாக்க மனசு இல்லை.

மேலதிகாரி அறையில அரைமணி நேரம் நின்னேன். உக்காரச் சொல்லலை. "உங்க தம்பி வரைஞ்சதா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "பார்க்காத தோளை ஏன் வரைஞ்சார்?" நான் எழுதிக் கேட்டேன், அதான்னேன். பாதியில ஆள் ஓடிப் போயிட்டானான்னு அவரும்தான் சிரிச்சார். அதை நான் ஞாபகப்படுத்தலை. அவருக்கே ஞாபகம் வந்திருக்கும், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

நாலாம் நம்பரை முந்தாநாள் குவாரிக்குப் பக்கத்துலயே விட்டாச்சு. டாக்டர் அஞ்சாறு நாளா கறியைக் கூழாக் கரைச்சுக் கொடுத்ததுல குட்டி எழுந்து நின்னுடுச்சு. அதை மரப்பெட்டியில வெச்சு, இருபதடி தள்ளி வண்டியில இருந்து கூண்டுக் கதவைத் தூக்கினோம். கயிறு என் கையில. அவ வெளியே குதிச்சு, எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கலை. பெட்டியை மோந்தா, குட்டியைக் கழுத்துல கவ்வினா, போயிட்டா. ஜல்லிமெஷின் பக்கம் போய் குட்டியைக் கீழே வெச்சுட்டு கொஞ்ச நேரம் கூப்பிட்டா. ரெண்டாவதை. அதை நாங்க போன வாரமே புதைச்சுட்டோம். அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்கணும், வரைய முடியாதுடா அதை.

என்னைத் தலைமை அலுவலகத்துல பழைய கோப்பு அடுக்குற வேலைக்கு மாத்தியிருக்காங்க. அடுத்த ஒண்ணாம் தேதி கிளம்பணும். எனக்கு அதுல குறை இல்லை.

குறை வேற. நேத்து குவாரிக்குப் போய் மறுபடியும் வீடு வீடா சொன்னேன், ஒரு படத்தை நம்பித் தப்பானதைப் பிடிச்சுட்டோம், கொன்னது இன்னும் வெளியேதான் இருக்கு, ஜாக்கிரதைன்னு. காவலாளியோட சம்சாரம் கேட்டுட்டு உள்ளே போய் மகளோட ஸ்கூல் பையை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வெச்சாங்க. "மூணு வாரமா இதைத் தூக்கிட்டு அவ தனியா அந்த வழியாத்தானேம்மா போனா. நீங்க சொன்னீங்கன்னுதானே அனுப்பினேன்"னு சொன்னாங்க. நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவங்க வாங்கிக்கலை. "வரைஞ்சவர் யாரு? அவரை வரச் சொல்லுங்க. என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்"னாங்க.

உன்னைக் காட்டிக் கொடுக்கலை. கேட்டு வாங்கினது நான்னுதான் சொன்னேன். அவங்களுக்கு அது போதலை. எனக்கும் போதலை.

உன்னை நான் மன்னிக்கலை. அதையும் சொல்லிடறேன். வர்றதும் வராததும் உன் இஷ்டம்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

உறையைக் கிழிச்சுட்டேன். ஃபைலை இதோட திருப்பி அனுப்பலை, கையிலேயே கொண்டு வரேன்.

வியாழக்கிழமை காலை பஸ். பத்து மணிக்குக் குவாரி நிறுத்தத்துல இறங்குவேன். உன் வீட்டுல தங்க மாட்டேன், சாயங்கால பஸ்லயே திரும்பிடுவேன். அவங்க என்னைத் திட்டும்போது நீ குறுக்கே புகுந்து "நான்தான் கேட்டேன்"னு ஆரம்பிக்காதே. உனக்காக நானும் ஒண்ணும் பேச மாட்டேன். என்கிட்ட சொல்றதுக்கு இருக்கிறது ரெண்டே வாக்கியம்தான். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துட்டு வருவேன், அங்கே வந்ததும் மறந்து போகும்.

நீ என்னை மன்னிக்கலைன்னு எழுதினது சரிதான். நான் கேக்கவும் இல்லை.

அவங்க வீடு எனக்குத் தெரியாது. யாரையும் விசாரிச்சுட்டுப் போக முடியாது, எதுக்கு வந்தேன்னு கேட்டா என்ன சொல்றது? நிறுத்தத்துல வந்து நில்லு.